பிண்ணாக்கும் பிளந்த நாக்கும்: காளமேகத்திடம் சிரிப்பு எங்கே இருக்கிறது?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்குப் பாடத்தில் காளமேகப் புலவரின் சிலேடைப் பாட்டு வந்ததாம். பாம்பும் வாழைப்பழமும் ஒன்று என்கிற பாட்டு. இருவரும் உட்கார்ந்து பதவுரை படித்து, ஒப்புமைகளை எண் போட்டு எழுதி, மனப்பாடமும் செய்துவிட்டார்களாம். "ஆனால் ஒரு இடத்தில்கூட இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. இவரைப் போய் நகைச்சுவைப் புலவர் என்கிறார்களே? வார்த்தை விளையாட்டுக்கு மேல் இவரிடம் என்னதான் இருக்கிறது?" என்பது கேள்வி.

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்
வெஞ்சினத்திற் பற்பட்டால் மீளாது - விஞ்சுமலர்த்
தேம்பாயும் சோலைத் திருமலைரா யன்வரையில்
பாம்பாகும் வாழைப் பழம்.

பாம்பிடம் நஞ்சு இருக்கும், சரி. வாழைப்பழத்தில் ஏது நஞ்சு? "நைந்திருக்கும்" என்று உரையில் போட்டிருப்பார்கள். உங்கள் மகளுக்குச் சிரிப்பு நின்றுபோன இடம் அதுதான். நைந்திருக்கும் எப்படி நஞ்சிருக்கும் ஆகும் என்று பிள்ளை திகைத்துப் போயிருக்கும். ஆனால் சந்தையில் பழக்காரம்மாவிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? "ஏனுங்கம்மா, பழமெல்லாம் நஞ்சு போயிருக்குது, விலையக் கொறச்சுக்கோங்க" என்கிறோம். பழைய வேட்டியும் நஞ்சுதான் போகிறது. காளமேகம் சிலேடை செய்தது ஏட்டுத் தமிழில் இல்லை, வாய்த் தமிழில். "வெஞ்சினம்" என்பதும் அப்படித்தான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை வெஞ்சனம் என்று சொல்கிற ஊர்கள் இன்றும் உண்டு. கோபத்தில் பாம்பின் பல் பட்டால் உயிர் மீளாது. வெஞ்சனமாக வைத்த பழத்தில் நம் பல் பட்டால் பழம் மீளாது. தயிர்ச்சோற்றுக்கு ரஸ்தாளியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட யாருக்கும் இதற்கு உரை வேண்டாம். நாதர் முடி மேல் பாம்பு நகையாக இருக்கிறது, பழம் அபிஷேகத்தில் போய் உட்காருகிறது. தோலுரிப்பதை விளக்கினால் உங்களுக்குக் கோபம் வரும்.

ஆனாலும் காளமேகத்துக்குள் நுழைய இது நல்ல வாசல் இல்லை என்பது என் கட்சி. நான் பள்ளியில் தமிழ் நடத்திய காலம் முழுக்க, பாடப்புத்தகத்தில் என்ன இருந்தாலும், முதலில் சொன்னது நாகப்பட்டினத்துச் சத்திரத்துப் பாட்டுதான்.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

கதை தெரிந்திருக்கும். பசியோடு காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் போகிறார். சாப்பாடு வருகிற வழியாகக் காணோம். பொழுது சாயும்போதுதான் அரிசியே வந்து இறங்குகிறது. அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்கிவிட்டது. ஒரு அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிட்டது. இதில் சிலேடை எதுவும் தெரிய வேண்டாம், பசி தெரிந்தால் போதும். திட்டு என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா பாருங்கள். நேரத்தை மட்டும் வரிசையாகக் குறித்துக் கொடுத்திருக்கிறார், பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் எழுதுகிற மாதிரி.

காத்தான் பதறிப்போய்க் கெஞ்ச, அதே பாட்டுக்குப் புலவர் வேறு பொருள் சொன்னாராம். நாட்டில் உணவெல்லாம் அற்றுப்போன காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் போட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழுகிற சோற்றின் வெண்மையைப் பார்த்தால் வெள்ளியே எழுந்தது போல இருக்கும். ஒரு எழுத்துகூட மாறவில்லை, வசை வாழ்த்தாகிவிட்டது. இந்த இரண்டாவது பொருள் எனக்கு எப்போதும் கொஞ்சம் இழுத்துக் கட்டியது போலத்தான் தெரியும். சாப்பாடு போட்டபின் சொன்னது அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி வரவேற்பு. பந்திக்கு ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரை வரை அடுப்பங்கரையிலிருந்து தாளிக்கிற வாசம் மட்டும்தான் வந்தது. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஆள் ஆளாக நின்றுகொண்டு, அவர் எப்போது பாயசம் குடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர், எழுபது வயசு இருக்கும், நின்ற வாக்கிலேயே இந்தப் பாட்டைச் சத்தமாக எடுத்துவிட்டார். "கத்துகடல் சூழ்நாகை" என்கிற இடத்தில் மட்டும் அந்த மண்டபம் இருந்த ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டார். "ஊரடங்கும்" வந்தபோதே பந்தி முழுக்கச் சிரிப்பு. பெண்ணின் அப்பா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சித்த பொறுங் மாமா, இந்தப் பந்தியிலயே உங்களுக்கு எலை போட்டர்றனுங்" என்றார். மாமா சொன்ன பதில்: "அவசரமில்லைங், வெள்ளி மொளைக்க இன்னும் நேரம் இருக்குதுங்."

இந்த "ங்"கைக் கவனியுங்கள். நீங்கள் திருப்பூர்க்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயமுத்தூர்க் குசும்பு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது என்ன? மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவது. பத்து மணி வேலைக்குப் பதினொன்றரைக்கு வருகிறவனைப் பார்த்து, "ஏனுங், இன்னைக்கு நேரமே வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்போம். வாக்கியத்தில் ஒரு தப்பு இல்லை, ஒரு வசவு இல்லை, "ங்" வேறு இருக்கிறது. வாங்கிக்கொண்டவனுக்கு மட்டும்தான் எங்கே பட்டது என்று தெரியும். காளமேகம் காவிரியின் கடைமடைப் பக்கத்தில் புழங்கியவர், கொங்குநாட்டுக்காரர் இல்லை. ஆனாலும் அவருடைய வசைப்பாட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த "ங்" காதில் விழும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15ஆம் நூற்றாண்டு. இயற்பெயர் வரதன் என்பார்கள். திருவரங்கத்துக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. திருவானைக்கா கோயிலில் ஆடிய மோகனாங்கி மேல் காதல், அதற்காக வைணவத்திலிருந்து சைவத்துக்கு மாறினார், அகிலாண்டேசுவரி வாயிலிருந்து தாம்பூலம் கிடைத்துக் கவி பொழிய ஆரம்பித்தார் என்பதெல்லாம் கதை. அம்மனுக்கு வந்த தாம்பூலம் சமையல்காரனுக்குக் கிடைத்தது என்பதே ஒரு நல்ல தமாஷ்தான். அப்புறம் திருமலைராயன் அவை. அந்தத் திருமலைராயன்பட்டினம் காரைக்காலுக்குத் தெற்கே இன்றும் இருக்கிறது. காளமேகம் என்றால் கருத்த மழைமேகம். நம் கொங்குமண்டல சதகம் பாடிய விஜயமங்கலத்துக்காரர் பெயரும் கார்மேகக் கவிஞர், அதே பொருள்தான். ஒரு மேகம் ஊர்ப்பெருமையை நூறு பாட்டில் பொழிந்தது. இன்னொரு மேகம் போன ஊரிலெல்லாம் இடி இறக்கியது.

திருமலைராயன் அவையில் அதிமதுர கவி என்ற பெரும்புலவரும் அவருடைய கூட்டமும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவருக்கு உட்கார இடம் கொடுக்கவில்லை. யார் நீங்கள் என்று இவர் கேட்க, "நாங்கள் கவிராயர்கள்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கவி என்றால் பாட்டு. வடமொழியில் கபி என்கிற குரங்கும் தமிழில் கவிதான்.

வாலெங்கே நீண்டெழுந்த வல்லுகிரெங் கேநாலு
காலெங்கே உட்குழிந்த கண்ணெங்கே - சாலப்
புவிராயர் போற்றும் புலவீர்காள் நீவிர்
கவிராயர் என்றிருந்தக் கால்.

வால் எங்கே, நகம் எங்கே, நாலு கால் எங்கே, குழிவிழுந்த கண் எங்கே. எல்லாம் கேட்டுவிட்டு, "மண்ணாளும் அரசர்கள் போற்றுகிற புலவர்களே, நீங்கள்" என்கிறார். புலவீர்காள், நீவிர். மரியாதைப் பன்மை. "ஏனுங் கவிராயரே, வாலைக் காணமுங்களே?" என்று நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள், அப்படியே உட்காரும். (உடுமலைப் பக்கம் பூளவாடியில் பிறந்த நாராயணகவியைப் பகுத்தறிவுக் கவிராயர் என்று கூப்பிடுவார்கள். கலைவாணருக்கு நகைச்சுவைப் பாட்டெல்லாம் எழுதிக்கொடுத்த அந்த மனிதர் இந்தப் பாட்டைப் படித்துவிட்டுத் தன் பட்டத்தை நினைத்து எப்படிச் சிரித்திருப்பார் என்று நான் யோசித்ததுண்டு.)

மனிதரிடம் மட்டுமா இப்படி? சாமியிடமும் இதே பேச்சுதான்.

அப்பன் இரந்துண்ணி ஆத்தாள் மலைநீலி
ஒப்பரிய மாமன் உறிதிருடி - சப்பைக்கால்
அண்ணன் பெருவயிறன் ஆறுமுகத் தானுக்கிங்
கெண்ணும் பெருமை இவை.

நம்மைச் சுற்றி எந்தத் திசையில் திரும்பினாலும் முருகன் மலை ஒன்று உண்டு. சிவன்மலை, சென்னிமலை, மருதமலை, கொஞ்சம் தள்ளிப் போனால் பழனி. அந்த முருகனைப் பற்றி இவர் சொல்வது: அப்பன் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவன், ஆத்தாள் மலைநீலி, மாமன் உறியில் வெண்ணெய் திருடினவன், அண்ணன் சப்பைக்காலும் தொந்தி வயிறுமாக இருக்கிறவன். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு பெண் பிள்ளை பட்டென்று சொன்னாள்: "ஐயா, இது மாப்பிள்ளை வூட்டைப் பத்தி விசாரிக்கிற மாதிரியே இருக்குதுங்." எத்தனையோ உரை படித்திருக்கிறேன், அந்தப் பொருத்தம் எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பன் யார், ஆத்தா யார், மாமன் என்ன பண்ணுகிறார், கூடப் பிறந்தது எத்தனை பேர். தரகர் ஜாதகத்தை நீட்டியதும் நம் ஊரில் கேட்கிற கேள்விகள் அதே வரிசையில் இருக்கின்றன. விசாரித்துவிட்டு வந்தவர் "எடம் சரிப்படாதுங்" என்று சொல்லப் போகிறார் என்று நினைக்கிறோம். இவரோ "இதெல்லாம்தான் ஆறுமுகனுக்குப் பெருமை" என்று முடிக்கிறார். இதை நிந்தாஸ்துதி என்பார்கள். திட்டுவது போலப் புகழ்வது.

சாமியை இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களை நான் திருமுருகன்பூண்டிக்கு அனுப்புவது வழக்கம். உங்களுக்குப் பக்கம்தான், அவிநாசி போகிற வழி. காளமேகத்துக்கு எழுநூறு வருஷம் முந்தி, சுந்தரர் சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வருகிறார். வேடர் வேஷத்தில் வந்த பூதகணங்கள் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டன. அனுப்பியதே சிவன்தான் என்பது கதை. சுந்தரர் கோயிலுக்கு முன்னால் நின்று பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. வடுக வேடர்கள் "திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு" வழிப்பறி பண்ணுகிற இடம் இது, இந்த ஊரில் மனைவியோடு "எத்துக் கிங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று கேட்கிறார். எதுக்குங்க இங்கே குடியிருக்கிறீங்க? காவல் காக்கத் தெரியாத சாமிக்கு இந்த ஊரில் என்ன வேலை? அப்போதும் பாருங்கள், "இருந்தீர்", "எம்பிரானீரே". பையும் துணியும் பறிபோன மனிதர் "ங்" போடுவதை விடவில்லை. கொங்கு மண்ணில் நின்று பாடியதால் அப்படி வந்ததோ என்று நான் சொன்னால் தமிழறிஞர்கள் என்னை அடிக்க வருவார்கள், சொல்லவில்லை.

சரி, இப்போது சிலேடைக்கு வருவோம். வார்த்தை விளையாட்டுதானே என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் என் அப்புச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், செக்கில் இருக்கிறது.

சிவகிரிப் பக்கம் எள் விளைச்சல் அதிகம். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எள் ஏலம் நடப்பதை இன்றும் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில்தான் என் அம்மா ஊர். அப்புச்சி வீட்டில் மரச்செக்கு இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அங்கேதான். எள்ளைப் புடைத்துக் கல் மண் போக்கிச் செக்குக் குழியில் கொட்டுவார்கள். மாடு சுற்ற ஆரம்பித்ததும் உலக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து அரைபடும். முதலில் பொடியாகும், அப்புறம் பிசுபிசுக்கும். அந்த நேரம் பார்த்துக் கருப்பட்டியை உடைத்துப் போடுவார் அப்புச்சி. செக்கு இரைகிற சத்தம் அதுவரை ஒரு மாதிரி, எண்ணெய் பிரிய ஆரம்பித்ததும் வேறு மாதிரி. திண்ணையில் படுத்துக்கொண்டே, "எண்ணெய் உட்டுருச்சு, போய்ப் பாரு கண்ணு" என்பார். போய்ப் பார்த்தால் விட்டிருக்கும். பத்து கிலோ எள்ளுக்கு நாலு கிலோ சுமாருக்கு எண்ணெய், மீதி பிண்ணாக்கு, மாட்டுக்கு. குழியிலிருந்து மொண்டு குடத்தில் ஊற்றினால் முதல் நாள் கலங்கலாகத்தான் இருக்கும். மூடி வைத்து, மண்டி கீழே இறங்கினபின் திறந்து பார்த்தால்தான் தெளிந்து நிற்கும். நாங்கள் பிள்ளைகள் குடத்துக்குள் குனிந்து முகம் பார்ப்போம்.

இப்போது பாட்டு:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது.

பாம்பும் எள்ளும் ஒன்று என்கிறார். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். பாம்பு ஆடும்போது சீறும், செக்கு ஆடும்போது இரையும். பாம்பாட்டி மூடியைத் திறந்தால் பாம்பு தலையை நீட்டி முகம் காட்டும், எண்ணெய்க் குடத்தைத் திறந்தால் நம் முகம் தெரியும். விஷம் ஓடி மண்டையில் ஏறினால் பரபரவென்று இருக்கும், சனிக்கிழமை தலையில் வைத்த நல்லெண்ணெயும் அப்படித்தான். கடைசியில் பிண்ணாக்கு. எள்ளுக்குப் பிண்ணாக்கு, பாம்புக்குப் பிள்நாக்கு. பிளந்த நாக்கு.

"மூடித் திறக்கின்" என்கிற இடத்தில் நில்லுங்கள். எண்ணெயில் முகம் தெரியும் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். மூடி வைத்துத் திறந்தால்தான் தெரியும் என்று எழுத, மண்டி இறங்குகிற வரை ஒருநாள் காத்திருந்தவன் வேண்டும். மடைப்பள்ளியில் எண்ணெய்க் குடத்தோடு புழங்கிய கை அது என்று எனக்கு ஒரு நினைப்பு. சிலேடை என்பது சொல்லை உடைக்கிற வித்தை என்று பாடப்புத்தகம் சொல்லும். சொல்லை உடைப்பதற்கு முன்னால் இரண்டு பொருளையும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒரு ஒப்புமை பொய்யானாலும் பாட்டு விழுந்துவிடும். பாம்பு பிடிக்கிறவனும் செக்கு ஆட்டுகிறவனும் ஒரே பாட்டைக் கேட்டு இரண்டு பேரும் "ஆமா" என்று சொல்ல வேண்டும். என் அப்புச்சிக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. நான் கல்லூரியில் படிக்கும்போது லீவுக்குப் போன இடத்தில் இதைச் சொன்னேன். பிண்ணாக்கு வரும் வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடம் வந்ததும் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "செக்கு ஆட்டினவன்தான் பாடியிருக்கோணும்" என்றார். காளமேகத்துக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் நான் எங்கும் படித்ததில்லை.

எழுத்து வித்தைக்காகவே செய்த பாட்டுகளும் அவர் பெயரில் உண்டு. ககர வரிசை மட்டும் வைத்து "காக்கைக்கா காகூகை" என்று ஒன்று, தகர வரிசையில் "தாதிதூ தோதீது" என்று ஒன்று. கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதைப் பார்ப்பது போல ஒருதரம் வாய் பிளக்கலாம். எனக்கு அவ்வளவுதான்.

இனி, வார்த்தை விளையாட்டுக்கு மேல் என்னதான் இருக்கிறது என்ற பாதிக்கு வருகிறேன். மளிகைக்கடைப் பாட்டு ஒன்று:

வெங்காயம் சுக்கானால் வெந்தயத்தால் ஆவதென்ன
இங்கார் சுமந்திருப்பார் இச்சரக்கை - மங்காத
சீரகத்தைத் தந்தீரேல் வேண்டேன் பெருங்காயம்
ஏரகத்துச் செட்டியா ரே.

மேலோட்டமாகப் பார்த்தால் கடைக்காரச் செட்டியாரிடம் பேரம். வெங்காயம் காய்ந்து சுக்காகிவிட்டால் வெந்தயம் எதற்கு, இந்தச் சரக்கை யார் சுமப்பார், சீரகம் கொடுத்தால் பெருங்காயம் வேண்டாம். உள்ளே பார்த்தால் ஏரகம் சுவாமிமலை, செட்டியார் முருகன். காயம் என்றால் உடம்பு. வெம்மையான இந்த உடம்பு சுக்காக வற்றிப்போனபின் வெந்த அயம், அதாவது இரும்பைச் சுட்டுச் செய்த செந்தூர மருந்து, என்ன செய்துவிடும்? இந்தச் சரக்கை இனி யார் சுமப்பது? சீரான அகமாகிய வீட்டுலகத்தைக் கொடுத்துவிடு, இந்தப் பெரிய காயம் எனக்கு வேண்டாம். சாவைப் பற்றி மளிகைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே குறை, பட்டியலில் மஞ்சள் இல்லை. ஈரோட்டுக்காரர் யாராவது எழுதியிருந்தால் மஞ்சள் இல்லாமல் கடையை மூடியிருக்க மாட்டார்.

இன்னொன்று கணக்குப் பாட்டு. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, கேட்டு முடிந்ததும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் - விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.

முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. பழைய பின்னக் கணக்கு, பெரியதிலிருந்து சிறியது வரை இறங்குகிறது. மாகாணி பதினாறில் ஒன்று, ஒருமா இருபதில் ஒன்று, கீழரை 640இல் ஒன்று. பொருளோ வேறு. கோல் ஊன்றி மூன்று காலாக நடப்பதற்கு முன், நரை விழுவதற்கு முன், காலனின் ஆட்களைக் கண்டு அஞ்சுவதற்கு முன், விக்கி இருமுவதற்கு முன், மாகாணிக்குப் போவதற்கு முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கிறவரை இன்றைக்கே பாடு. காணி என்றால் நிலம். மாகாணி என்றால் இங்கே பெரிய காணி, சுடுகாடு. காணியாட்சி, காணியாளர், காணிக் கோயில் என்று காணியைப் பிடித்துக்கொண்டே பெருமை பேசும் நமக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறைக்கும். எல்லாருக்கும் பட்டா போட்ட பெரிய காணி ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது.

கடைசிக் காலத்தில் அப்புச்சி கைத்தடி பிடித்தார். ஊருக்குப் போன என்னைப் பார்த்து வாசலிலேயே நின்று தடியைத் தட்டிக்காட்டி, "முக்காலுக்கு வந்தாச்சு கண்ணு" என்றார். இந்தப் பாட்டை அவருக்கு எப்போது சொன்னேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காளமேகம் பாடியதாகச் சொல்வதெல்லாம் அவர் பாடியது என்று நம்ப வேண்டாம். வாய்வழியாகவும் ஏடுகளிலும் சிதறிக் கிடந்த பாட்டுகளை 19ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் முயற்சியில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராயர் தனிப்பாடல் திரட்டாகத் தொகுத்தார். நடுவில் நானூறு வருஷம். அதற்குள் யாரோ பாடிய குறும்புப் பாட்டெல்லாம் இவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளிடம் கொடுக்க முடியாத கொச்சைகளும், ஒரு ஊரையோ ஒரு சாதியையோ மட்டம் தட்டுகிற பாட்டுகளும் உண்டு. அவற்றைச் சிலேடை என்பதற்காகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. புத்தகம் வாங்கினால் நீங்கள் முதலில் படித்துவிட்டு மகளிடம் கொடுங்கள்.

மகளுக்கு எப்படிச் சொல்வது? பதவுரையை மூடி வையுங்கள். சத்திரத்துப் பாட்டை ஒரு நாள் சாப்பாடு தாமதமாகும்போது சொல்லுங்கள். வீட்டில் கோபம் வந்தால் நான் பொறுப்பில்லை. கருட வாகனத்தில் பெருமாள் புறப்பாடு பார்க்கப் போனால் அங்கே வைத்து இதைச் சொல்லுங்கள்:

பெருமாளும் நல்ல பெருமாள் அவர்தம்
திருநாளும் நல்ல திருநாள் - பெருமாள்
இருந்திடத்தில் சும்மா இராமையினால் ஐயோ
பருந்தெடுத்துப் போகிறதே பார்.

அப்புறம் தேங்காய் உடைக்கும்போது "ஓடும் இருக்கும் அதன் உள்வாய் வெளுத்திருக்கும்" என்ற வரியைச் சொல்லி, இது தேங்காய், ஆனால் வாசலில் இருக்கிற இன்னொன்றும் இதுதான், என்ன அது என்று கேளுங்கள். ஓடு இருக்கிறது, உள்ளே வெளுப்பு. ஓடுகிறது, இருக்கிறது, வாய்க்குள்ளே வெளுப்பு. நாய் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

பாடம் நடத்தும்போது வெளியே இருக்கிற சிலேடைகளையும் தேடிவரச் சொல்வேன். ஒருதரம் திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், வாசிப்புப் பழக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் அப்பா அம்மா இருவரும் வேலை பார்க்கிற பையன் ஒருவனை எழுப்பி, "உங்கள் வீட்டில் நூல் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நெறைய இருக்குதுங் ஐயா. கோன் கோனா இருக்குது."

"எந்த மாதிரி நூல்?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"முப்பதாம் நம்பர், நாப்பதாம் நம்பர் ரெண்டும் இருக்குதுங்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். குசும்பாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.